நீலச் சுவிட்சும் வடக்குச் சுவர்ப் பல்லியும்

ஆடிப்பெருக்கு அன்று ஊரே ஒகேனக்கலில் முழுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் நல்லம்பள்ளியில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சபதம் எடுத்தேன். இனி என் வாழ்நாளில் ரப்பர் கீபோர்டைத் தொடமாட்டேன்!

எடுத்த கையோடு அதே ரப்பர் கீபோர்டில்தான் வேலையைத் தொடர்ந்தேன். சபதம் வேறு, சம்பளம் வேறு.

என் பெயர் மாதேஸ்வரன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சாமான் வாங்கி நொந்துபோனவர்கள் கோபமாக எழுதுவார்கள். நான் வருத்தம் தெரிவித்துப் பதில் தட்டுவேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை வருந்தியாக வேண்டும். ஆனால் என் கீபோர்டில் எஸ் பொத்தான் செத்துப்போய்விட்டது. 'ஸாரி' என்று தட்டினால் 'ஆரி' என்று போகிறது. புனேயிலிருந்து ஒரு பெண்மணி, "யார் இந்த ஆரி? முதலில் அந்த ஆளை வேலையைவிட்டுத் தூக்குங்கள்" என்று எழுதிவிட்டார்.

அதனால்தான் சபதம். வாங்கினால் உயர்ந்த ரகக் கீபோர்டு. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்ச் வைத்த ரகம். அந்தச் சுவிட்சிலேயே நூறு சாதி. மூன்று மாதம் வீடியோ பார்த்து, முனைவர் பட்டம் வாங்குகிற அளவுக்குத் தேறினேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குருதான், "மொதல்ல தட்டிப் பாருங்கண்ணா, அப்புறம் வாங்கலாம்" என்று ஒரு சின்னப் பலகையைக் கொடுத்தான். அதில் ஒன்பது குழி, ஒன்பது சுவிட்ச், ஒன்பது கலர்.

பெண் பார்க்கப் போனபோது ஒரு தட்டு கேசரி தீர்வதற்குள் முடிவு சொன்னவன் நான். சுவிட்ச் பார்க்கப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொல்ல வேண்டுமே! சசிகலா பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள். கறந்து வருகிற பாலில் எத்தனை தண்ணீர் என்று சோதிக்கிற உத்தியோகம். கருவியை முக்குவதற்கு முன்னாலேயே கொண்டுவந்தவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பலகையை நீட்டினேன்.

"சசி, இந்தச் செவப்ப அழுத்திப் பாரு. வெண்ணெ மாதிரி எறங்கும்."

அழுத்தினாள். "எறங்குது."

"இந்தப் பழுப்பு? பாதி வழில ஒரு சின்ன மேடு தட்டும்."

"எறங்குது."

"நீலம்? கேளு, டிக்குனு ஒரு சத்தம் வருது பாரு!"

"எல்லாம் கீழதான எறங்குது? ஏதாச்சும் ஒண்ணு மேல ஏறுனா சொல்லுங்க, வந்து பாக்கறன்." பலகையைத் திருப்பிப் பார்த்தாள். "சரி, இத அமுக்குனா எழுத்து எங்க வருது?"

"இதுல எழுத்து வராது. இது சும்மா தட்டிப் பாக்க."

"எழுத்தே வராத கீபோர்டா? ஏங்க, கிச்சன்ல லைட்டு சுவிட்ச் உடைஞ்சு ஒரு வருசமாவுது. கரண்டிக் காம்புல குத்தித்தான் லைட்டு போடறன். அதப் பாக்க ஆளில்ல. இங்க ஒம்பது சுவிட்ச்சு, லைட்டும் எரியாது, எழுத்தும் வராது!"

"இது வேற சுவிட்ச் சசி. இது என் தொழிலுக்கு..."

"அந்த நீலத்த வாங்கி வூட்ல வெச்சீங்கன்னா, தொப்பூர் எறக்கத்துல லாரி பிரேக்கு புடிக்கிற சத்தத்துல நான் சமைக்கணும். ஒண்ணும் வேணாம். எஸ்ஸு இல்லாம எழுதிப் பழகுங்க."

வழக்கு தள்ளுபடி. எங்கள் வீட்டில் நான் தட்டிக் கேட்டது அந்த ஒன்பது சுவிட்சுகளை மட்டும்தான் என்று வரலாறு சொல்லும்.

இரண்டு நாள் கழித்து, ஒரு சாயங்காலம். எதிர் வீட்டு தெரசா அக்கா வந்திருந்தார். கூடத்தில் சசிகலாவோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் வடக்குச் சுவரோரம் பேப்பர் படிப்பதுபோல் பேப்பருக்கு அடியில் பலகையை வைத்துக்கொண்டு நீலத்தோடு கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணுக்கு இந்த வருசம் நர்ஸ் வேல நிச்சயம்க்கா" என்றாள் சசிகலா.

டிக் டிக் டிக்.

உரித்த மொச்சையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா! பல்லி சொல்லிருச்சு!" தரையில் விரலால் மூன்று தட்டு தட்டினாள்.

"எங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்ல சசி" என்றார் தெரசா அக்கா. உடனே குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கம் சொல்லிச்சு?" என்று கேட்டார்.

"வடக்கால! வடக்கால சொன்னா அப்படியே நடக்கும்க்கா!"

என் விரல் நீலத்தின் மேலேயே உறைந்துவிட்டது. பாலில் தண்ணீர் கண்டுபிடிக்கிறவள், பல்லியில் பிளாஸ்டிக் கண்டுபிடிக்கவில்லை! என் மூளையில் டியூப்லைட் எரிந்தது. அதற்குக் கரண்டிக் காம்பு தேவைப்படவில்லை.

பலகையிலிருந்து நீலச் சுவிட்சை மட்டும் அதன் சின்ன நீல மூடியோடு பிடுங்கி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டேன். எடுத்தவுடன் கீபோர்டுக்குப் போகக் கூடாது. முதலில் பல்லிக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டும். செல்போனில் வானிலை பார்த்துவிட்டு, "இன்னிக்கு மழ வரும்போல" என்பேன். டிக் டிக் டிக். மழை வரும். கியாஸ் வண்டி தெருமுனையில் நிற்பதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கிவந்து, "இன்னிக்கு சிலிண்டர் வந்துரும்" என்பேன். டிக் டிக் டிக். வரும். சசிகலா மூன்று தட்டு தட்டுவாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளுப்பு.

ஒரே ஒரு கஷ்டம். பல்லி வடக்குச் சுவரில்தான் பேச வேண்டும். வடக்குச் சுவரோரம் இருப்பது அரிசி மூட்டையும் வாஷிங் மெஷினும். நான் மூட்டைமேல் குடியேறினேன். "ஏங்க, நாற்காலி இருக்க, மூட்ட மேல ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றாள். "முதுகுக்கு நல்லது" என்றேன்.

அங்கேதான் பேராசை வந்தது. அவளுடைய பெரியம்மா வீட்டில், பாலக்கோட்டில் ஒரு வளைகாப்பு. போனால் ஒரு நாள் முழுக்க, "மாப்பிள்ள, இன்னும் வூட்லதான் இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். வீட்டிலிருந்தே வேலை என்பதற்கு வேலையில்லை என்றுதான் பாலக்கோட்டில் அர்த்தம்.

"சசி, அன்னிக்கு நான் வெளிய போனா ஏதோ ஆவாதுன்னு தோணுது" என்றேன். டிக் டிக் டிக்.

"அப்ப நீங்க வேணாங்க. நான் மட்டும் போய்ட்டு வர்றன்" என்று கலங்கிவிட்டாள். வரும்போது தூக்குவாளியில் ஐந்து வகைச் சாதம் கொண்டுவந்து ஊட்டாத குறை. மனசு லேசாக உறுத்தியது. இரண்டாவது வாய்க்குள் சரியாகிவிட்டது.

மறுநாள் இறுதிக் கட்டம். மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஒரு நல்ல கீபோர்டு வாங்குனா எனக்கு புரமோசன் வரும்னு மனசு சொல்லுது சசி."

டிக் டிக் டிக்.

சசிகலா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தரையில் மூன்று தட்டு தட்டினாள். "பல்லியே சொல்லிருச்சு, நான் யாருங்க வேணாங்கறதுக்கு? குரு தம்பிகிட்ட சொல்லிருங்க."

அன்று சாயங்காலமே குருவுக்கு போன் போட்டேன். "எல்லாப் பொத்தானுக்கும் நீலம்! ஒண்ணு பாக்கி இல்லாம!" வர ஒரு வாரம் ஆகும் என்றான். இல்லற வாழ்வில் அன்றுதான் முதன்முதலாக மீசையை முறுக்கினேன். மீசை மெல்லியது. இருந்தாலும் முறுக்கினேன்.

அடுத்த நாள் காலை. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சசிகலா அடுப்பில் ராகிக் களிக்கு உலை வைத்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்:

"இனிமே களிய நீங்க கிண்டுனாத்தான் இந்தக் குடும்பம் நல்லாருக்கும்னு தோணுதுங்க."

டிக் டிக் டிக்.

காப்பி மூக்கில் ஏறியது. என் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் பிஸ்கட். லுங்கி மடிப்பைத் தொட்டுப் பார்த்தேன். சுவிட்ச் படுத்திருந்த இடத்தில் அப்படியே படுத்திருந்தது.

"கேட்டீங்களா? சொல்லிருச்சு!"

"இல்ல சசி, அது எந்தப் பக்கம்..."

"வடக்கால!"

களி கிண்டியிருக்கிறீர்களா? ஆறு பேர் சாப்பிடுகிற பாத்திரம், இடுப்புயரத் துடுப்பு. பத்து நிமிடத்தில் தோள்பட்டை எது, துடுப்பு எது என்று தெரியாமல் போய்விடும். கிண்டி முடித்து விரலை விரித்தேன். விரியவில்லை. அன்று நான் தட்டியதில் எஸ் மட்டுமல்ல, பாதி எழுத்தே இல்லை.

மத்தியானம்: "கிச்சன் சுவிட்ச்ச நீங்களே கழட்டி மாத்துனா லச்சுமி வருவா." டிக் டிக் டிக். மாற்றினேன். லட்சுமி வரவில்லை, லேசாக ஷாக் வந்தது.

மறுநாள்: "பாவம் தெரசா அக்கா, அவங்க மாடித் தண்ணித் தொட்டிய நீங்க எறங்கிக் கழுவிக் குடுத்தா புண்ணியம்." டிக் டிக் டிக். தொட்டிக்குள் இறங்கினேன். மேலே நின்று தெரசா அக்கா எட்டிப் பார்த்து, "எனக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்ல தம்பி, அந்த மூலைய நல்லாத் தேய்ங்க" என்றார்.

அதற்கு மறுநாள்: "எங்க அம்மா வந்து ரெண்டு மாசம் இருந்தா வூட்டுக்கு நல்லது." டிக் டிக் டிக். மாமியார் வந்தே விட்டார்.

பொய்ப் பல்லி ஒன்றைக் கிளப்பிவிட்டதற்கு நிஜப் பல்லி கோபித்துக்கொண்டதோ? அவள் சொசைட்டிக்குப் போன நேரத்தில், வாஷிங் மெஷின்மேல் ஏறி டார்ச் அடித்துச் சுவர் முழுக்கத் தேடினேன். ஒரே ஒரு குட்டிப் பல்லி டியூப்லைட்டுக்குப் பின்னால் ஒண்டியிருந்தது. அதைப் பார்த்துக் கைகூப்பி, "தெரியாம பண்ணிட்டன் சாமி" என்று சொன்னேன். மாமியார் பார்த்துவிட்டார். மகளுக்கு போன் போட்டு, "கண்ணு, மாப்பிள்ள செவுத்துகிட்ட பேசறாரு" என்றார்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால், பல்லி சொன்னது பொய் என்று ஆகும். பல்லி சொன்னது பொய்யென்றால் கீபோர்டும் பொய். ஒரு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், களியைக் கிண்டினேன்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை குருவே ஸ்கூட்டரில் பார்சலோடு வந்தான். மாமியார், தெரசா அக்கா, சசிகலா மூன்று பேரும் சூழ்ந்து நிற்க, பெட்டியைப் பிரித்தேன். ஆஹா! இரும்பு உடம்பு. கல் மாதிரி கனம். கைகழுவி வந்து, கண்ணை மூடிக்கொண்டு, பத்து விரலாலும் ஒரு தட்டு தட்டினேன்.

சத்தம் இல்லை.

இன்னும் பலமாகத் தட்டினேன். பஞ்சு மெத்தையில் பூனை நடந்த மாதிரி இருந்தது.

"குரு! நீலம் கேட்டன்ல? டிக்குனு வரணுமே?"

"அண்ணிதான் மாத்தச் சொன்னாங்கண்ணா. சத்தமே வராத சுவிட்சா போடுன்னாங்க" என்றான் குரு. "நீங்க போன் போட்ட அன்னிக்கே கடைக்கு வந்து ஒத்த நீலச் சுவிட்சு மட்டும் தனியா வாங்கிட்டுப் போறப்பவே சொல்லிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

என் முகத்தைப் பார்த்தவன், கடை திறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் கடை விடுமுறை.

மெதுவாகத் திரும்பினேன். சசிகலா நைட்டிப் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். நீலச் சுவிட்ச். பக்கத்தில் ஒரு சின்ன நீல மூடியையும் வைத்தாள்.

"பாலக்கோட்டுலேர்ந்து வந்தன்னிக்கு உங்க லுங்கியத் தொவைச்சன். இந்த மூடி வுழுந்துச்சு. பல்லின்னா வாலத்தான் உதுக்கும்னு நெனச்சிருந்தன்" என்றாள்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தெரசா அக்கா பொத்தவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

"அப்ப அடுத்த நாளு, பல்லியே சொல்லிருச்சுன்னு நீ தரையத் தட்டுனதெல்லாம்?"

"நீங்க தட்டுனீங்க, நானும் தட்டுனன்."

கையில் இருந்த கடைசிக் கேள்வியைத் தூக்கிப் போட்டேன். "படிச்ச பொம்பள நீ. அப்ப இந்தப் பல்லி சொல்றதயெல்லாம் நீ நம்பவே இல்லியா?"

சசிகலா துடுப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"பல்லிய நம்பறன்ங்க. உங்களத்தான் நம்பறதில்ல."