அத்திமரத்து எதிரி என்னைக் கோட்டைக்கு அழைத்த மர்மம்

அன்புத் தங்கை விங்காவுக்கு,

இயேசுவுக்கும் மரியாளுக்கும் புகழ் உண்டாகட்டும். நான் நலம். அதாவது, முழங்காலில் முள்ளும் காதில் பஞ்சுமாக இருப்பவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். ஸ்ப்ளிட் நகரத்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீசில் காட்டலாம்.

நம் அப்பா சுவரோரம் நட்ட அத்திமரம் யாருக்கு என்று பக்கத்து வீட்டு பிளாஷுக்கும் எனக்கும் நடக்கும் கேஸ் உனக்குத் தெரியும். அதிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, "யெர்கோ, நாளைக்கு மலைக்கோட்டைக்குப் போயிட்டு வரலாமா?" என்கிறான். அங்கே என்ன இருக்கிறது? பாதிச் சுவர், ஒரு கோபுரம், நாலு ஆடு, அப்புறம் கீழே செட்டினா ஆறு வரைக்கும் செங்குத்துப் பாறை. தீர்ப்பு வரும் நேரத்தில் அந்தப் பாறைக்கு என்னை எதற்கு அழைக்க வேண்டும்? மாட்டேன் என்றால் பயந்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்வான். போனேன்.

ஆடு போகிற அகலம்தான் பாதை. "நீ முன்னால போ" என்றான். முதுகைக் காட்ட நான் என்ன மடையனா? "கூப்பிட்டவன் நீ, நீயே போப்பா" என்றேன். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை, கடைசியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறியதில் நான் முட்புதரில் விழுந்தேன். மேலே போனதும் என்னை எங்கே உட்கார வைத்தான் தெரியுமா? முன்னால் அம்பு விடும் துளை, பின்னால் வாசல், நடுவில் நான், ஊடே மலையிலிருந்து விர்ரென்று இறங்கும் புரா குளிர்காற்று! இடுக்குக் காற்று பட்டே செத்தவர்கள் நம் வம்சத்தில் எத்தனை பேர்! உடனே பையிலிருந்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்தேன். அவன் கண் கலங்க என்னவோ பேசினான். ஒன்றும் கேட்கவில்லை. கொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ரகியா சாராயப் புட்டியை நீட்டினான். விஷம் இருந்தால்? "நீ முதல்ல குடி" என்றேன். குடித்தான். அடியில் கலந்திருந்தால்? மறுபடி குடிக்கச் சொன்னேன். புட்டி காலியானது, நான் பாறை விளிம்புப் பக்கமாகப் பின்வாங்கினேன், அவன் பாய்ந்து என் இடுப்பு வாரைப் பிடித்தான். "கொலை! கொலை!" என்று அலறினேன். ஆற்றில் ரப்பர் படகில் போன ஜெர்மன்காரர்கள் சந்தோஷமாகக் கையசைத்தார்கள்.

அவன் என் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். "முட்டாப்பயலே, விழுந்து தொலையப் போற! தொண்டை கிழியக் கேக்கறேன், என் பேரனுக்கு நீ ஞானத்தகப்பனா இருப்பியா, மாட்டியா?"

"இதை ஊர்ல கேக்கறதுக்கு என்ன கேடு?"

"எல்லார் முன்னாலயும் நீ முடியாதுன்னுட்டா என் மானம் என்னாகறது?"

பார்த்தாயா தந்திரத்தை! ஞானத்தகப்பனாக இருக்கக் கேட்டால் மறுக்கக் கூடாது, மறுத்தவன் முகத்தில் ஊரே காறித் துப்பும். ஒப்புக்கொண்டால் உறவாகிவிடும், உறவுக்காரன் மேல் எவனாவது கேஸ் நடத்துவானா? அத்திமரம் அம்போ! யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, நடக்க முடியாமல் தள்ளாடிய அந்தக் குடிகாரனைக் கீழே வரைக்கும் நானே தாங்கிக்கொண்டு வந்தேன். தலை போனாலும் சம்மதிக்க மாட்டேன். நீ உடனே வக்கீலைப் பார்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்களைக் காக்கட்டும். எதிரெதிர் ஜன்னல்களைச் சேர்த்துத் திறக்காதே.

உஷாராக இருக்கும் உன் அண்ணன்,
யெர்கோ

பின்குறிப்பு: வக்கீலைப் பார்க்க வேண்டாம். நேற்றுக் காலை பிளாஷின் மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்திவிட்டாள். பயல் என் விரலைப் பிடித்தவன் விடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கேஸை வாபஸ் வாங்கிவிட்டேன், அத்திமரம் பயலுக்கே. ஞாயிற்றுக்கிழமை திருமுழுக்கு, வரும்போது எனக்கு ஒரு நல்ல வெள்ளைச் சட்டை வாங்கி வா. ஒன்றுதான் உறுத்துகிறது. குழந்தைக்கு யெர்கோ என்று என் பெயரையே வைக்கப் போகிறார்களாம். இதில் பிளாஷுக்கு என்ன லாபம் என்று இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.