போனஸ் அண்ணாச்சியும் அப்பாவின் கால்விரலும்

தன் கடையில் சாமான் வாங்காததற்காக வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுத்த பலசரக்குக் கடைக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். சாந்தன்பாறையிலிருந்து எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் பிரியும் ரோட்டோரம் அவர் கடை. பெயர் போனஸ் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் அது தெரியாது. தோட்டத்தில் போனஸ் வருசத்துக்கு ஒருமுறை. அண்ணாச்சியிடம் எந்த வாரம் எதற்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வாடிக்கையாளர் ரொம்ப நாள் உயிரோடு இருந்தால்தான் வியாபாரம் ரொம்ப நாள் நடக்கும் என்பது அவருடைய கொள்கை. உபதேசம் பண்ணினால் எவனும் கேட்க மாட்டான், கையில் ஏதாவது கொடுத்தால் கேட்பான் என்பது அதற்கு அடுத்த கொள்கை. நான் பொருளாதாரம் படிக்கக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே அவர் இதையெல்லாம் செய்துபார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

முதலில் பீடியை ஒழிக்கக் கிளம்பினார். ஒரு வாரம் பீடி வாங்காதவர்களுக்கு ஒரு குளியல் சோப்பு என்று கடையில் அட்டை தொங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கடை முன்னால் பெண்கள் கூட்டம். பேச்சியம்மாள் கிழவிதான் வரிசையில் முதல் ஆள்.

"நான் பொறந்ததுலருந்தே பீடி குடிச்சதில்ல அண்ணாச்சி. எனக்குப் பழைய சோப்பெல்லாம் சேத்து எத்தனை வரும்?"

அண்ணாச்சி மறுநாளே விதியை மாற்றினார். பீடி குடித்து நிறுத்துகிறவர்களுக்கு மட்டும்தான் சோப்பு. அந்த வாரம் எங்கள் லயத்தில் அதுவரை பீடியைத் தொட்டிராத இளவட்டங்கள் நிறுத்துவதற்காகக் குடிக்க ஆரம்பித்தார்கள். இருமிக்கொண்டே வந்து பெயர் கொடுத்தார்கள். அட்டை கழற்றப்பட்டது.

பிறகு உடம்பு குறைப்பு. யார் அதிகம் எடை குறைகிறார்களோ அவர்களுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். எடை பார்ப்பது பச்சை ஏலக்காய் நிறுக்கும் தராசில். இங்கேதான் எங்கள் ஆட்களின் தொழில் மூளை வேலை செய்தது. பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் எடை எப்படிச் சரியும் என்று எங்கள் தோட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துகிற சூட்டறை. அதற்குத் தீப்போடுகிறவர் என் அப்பா முருகையா. இறுதி எடை பார்க்கும் நாளன்று போட்டியில் இருந்த அத்தனை பேரும் அப்பாவைக் கெஞ்சி, காய்த் தட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார்கள். உலர்ந்து வெளியே வந்து நேராகத் தராசில் ஏறினார்கள்.

அண்ணாச்சி ஒவ்வொருவரையும் மோந்துபார்த்தார். "ஏன்மக்கா, எல்லாரும் பாயாசம் மாதிரி மணக்கிய?"

தராசை விட்டு இறங்கியவர்கள் தாகம் தாங்காமல் அவர் கடையிலேயே ஆளுக்கு இரண்டு சோடா குடித்தார்கள். அவர் திட்டங்களில் லாபம் பார்த்தது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் லயத்தோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும், அப்பாவின் கால்விரலுக்கு ஆபத்து வரும்வரை.

மழைக்காலத்தில் அட்டை கடிப்பது எங்கள் பக்கம் ஒரு விசயமே இல்லை. ஆனால் அப்பாவின் வலது கால் பெருவிரலில் கடித்த இடம் புண்ணாகி, ஆறவே மாட்டேன் என்றது. ஆசுபத்திரியில் பார்த்தபோதுதான் சர்க்கரை ஏறிக் கிடப்பது தெரிந்தது. கட்டுப்போட்டுக் கட்டுப்போட்டு ஒருவழியாகப் புண் ஆறியது. டாக்டரம்மா பாதி மலையாளத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்தத் தடவை விரல் தப்பித்தது. அடுத்த மழைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் இன்னொரு அட்டை போதும், விரலை எடுக்க வேண்டிவரும். மாத்திரை, சீனி போடாத சாயா, தினமும் காலையில் நடை.

அப்பா மாத்திரையை ஒப்புக்கொண்டார். சாயாவை முகம் சுளித்து ஒப்புக்கொண்டார். நடக்க மாட்டேன் என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதாள். படித்தவன் என்ற முறையில் நான் ஒரு மணி நேரம் விளக்கினேன், அவர் தூங்கிவிட்டார். அண்ணாச்சி வந்து, நடக்கிற ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கிலோ கோதுமை மாவு தருவதாகச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் காலுக்கு எனக்கே கூலியா அண்ணாச்சி?"

அந்த வாரம் கல்லூரியிலிருந்து வந்திருந்த நான், வகுப்பில் கேட்ட ஒன்றை அண்ணாச்சியிடம் சொன்னேன். பத்து ரூபாய் கிடைத்தால் வருகிற சந்தோசத்தைவிட, கையிலிருக்கிற பத்து ரூபாய் போனால் வருகிற வலி பெரிது. பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "போற காசு யாருக்குப் போவுதுன்னு உங்க வாத்தியார் சொன்னாரா?" என்று கேட்டார். அது பாடத்தில் வரவில்லை என்றேன்.

அண்ணாச்சி அதற்கு ஆள் வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் செல்லையா. அவருடைய ஆடு எங்கள் பீன்ஸ் கொடியைத் தின்ற நாளிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. அன்று சாயங்காலம் கடை பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அண்ணாச்சி அறிவித்தார்.

"முருகையா, ஆயிரம் ரூவா எங்கிட்டக் கட்டும். நீரு நடந்தா காசு பத்திரமா இருக்கும். நடக்காத அன்னைக்கு உம்ம காசுல செல்லையாவுக்கு ஒரு சாயா, ரெண்டு பருப்புவடை."

அப்பா முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். அதற்குள் செல்லையா, "வடை சூடா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அப்பா மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

மறுநாள் விடிவதற்குள் அப்பா ரோட்டில் நின்றார். நடந்தாரா என்பதற்குச் சாட்சி வேண்டுமே, அண்ணாச்சியும் கூடவே நடந்தார். அண்ணாச்சி நல்ல கனத்த சரீரம். முதல் வளைவிலேயே மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். அப்பா முன்னால் போய், "சாட்சி வருதா?" என்று திரும்பிப் பார்ப்பார்.

செல்லையா சும்மா இருக்கவில்லை. தினமும் முகம் கழுவித் திருநீறு பூசிக் கடை பெஞ்சில் வந்து காத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அதிரசம் கொடுத்துவிட்டார். ஒன்றும் பலிக்காமல் ஒருநாள் விடிகாலையில் லயத்துக்குள் ஓடிவந்து, ரோட்டில் ஆனை நிற்கிறது என்று கத்தினார். எங்கள் பக்கம் அதைக் கேட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அப்பாவும் திறக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தால் ஆனையும் இல்லை, சாணமும் இல்லை. செல்லையா இரண்டாவது வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை.

மறுநாளும் செல்லையா ஓடிவந்தார். வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் வந்தார். அப்பா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "வடைக்காக என்ன நடிப்பு நடிக்கான் பாரும்" என்று அண்ணாச்சி கூடச் சேர்ந்துகொள்ள, இருவரும் வீராப்பாக வளைவு திரும்பினார்கள். அங்கே கொம்பன் நின்றது. தும்பிக்கையால் ஒரு கிளையை முறித்து மெதுவாகத் தின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. அப்பா எந்த வழியாக வந்தார் என்று அவருக்கே தெரியாது. அண்ணாச்சி அப்பாவை முந்திக்கொண்டு வந்ததை லயமே பார்த்தது. கடைக்குள் விழுந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "இன்னைக்கு ரெண்டு நாள் நடை." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, பெஞ்சில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்த செல்லையாவைக் காட்டி, அந்த ஆளுக்கு ஒரு சாயா கொடுங்க என்றார். அவர்கள் பேச ஆரம்பித்தது அன்றுதான்.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முந்தின வாரம் அப்பாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், அப்பாவின் விரலைப் பார்த்தார், "நன்னாயிட்டுண்டு" என்றார். அப்பா எனக்கு முன்னால் படியிறங்கிவிட்டார். அண்ணாச்சி லயம் முழுக்க மிட்டாய் கொடுத்து, சர்க்கரை இறங்கியதைக் கொண்டாடினார். மிச்சப் பணத்தை எண்ணி அப்பா கையில் கொடுத்து, திட்டம் முடிந்தது என்றார்.

மறுநாள் காலையில் அப்பா அதே பணத்தைக் கொண்டுபோய் மறுபடி அண்ணாச்சியிடம் கட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்லையாவோடு சண்டை தீர்ந்துவிட்டது. காசு கட்டாவிட்டாலும் நடப்பேன் என்று அப்பாவே சொல்கிறார். அப்புறம் எதற்கு?

அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்த மனுசனுக்கும் சர்க்கரைடா. எத்தனையோ வருசமா இருக்காம். அவருக்காக நடங்கன்னு சொன்னா நடக்க மாட்டாரு. என்னையப் பாத்துக்கணும்னா எந்திரிச்சு வந்துருவாரு."

இப்போது அண்ணாச்சி வளைவில் நிற்பதில்லை. தன்னுடைய ஆயிரம் திட்டங்களில் ஒன்றாவது பலித்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் திட்டம் எந்தப் பக்கம் பலிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பழைய வாரப் பத்திரிகைகளில்தான் அவர் கடுகும் சீரகமும் பொட்டலம் கட்டுகிறார். இந்தப் பக்கமும் படிக்காமலே கிழிபடும் என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன்.

படித்துவிட்டால்தான் என்ன, அண்ணாச்சி. நாளைக்கும் மழை விட்டதும் வாங்க. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.