என் அம்மா உயிரோடு இருப்பது குறித்து

ஈஜிபுரா, பெங்களூரு
செப்டம்பர் 21, ஞாயிறு

மதிப்பிற்குரிய ஞாயிறு இணைப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை உங்கள் அலுவலகத்தை அழைத்தேன். அந்தப் பக்கம் "சொல்லுங்க" என்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை, வைத்துவிட்டேன். பிறகு அவர்களே திரும்ப அழைத்து, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் போலீசில் சொல்வோம் என்றார்கள். அதனால் எழுதுகிறேன். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், போன் எடுக்கும் அந்த அம்மையாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் சின்னதுதான். சென்ற 14-ஆம் தேதி இணைப்பின் நான்காம் பக்கத்தில், கீழ் மூலையில் கட்டம் கட்டி, "நமது 'இருவர் மேசை' பகுதியில் இடம்பெற்ற ஈஜிபுரா வாசகத் தம்பதி பால்ராஜ் – மெர்சி காலமானதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்" என்று போட்டிருந்தீர்கள். இதில் பாதி சரி. பால்ராஜ் என் அப்பா. ஜூன் மாதம் இறந்துவிட்டார். மெர்சி என் அம்மா. நான் இதை எழுதும்போது அவர் பாத்ரூமில் துணி அலசிக்கொண்டிருக்கிறார்.

பழி முழுவதையும் உங்கள் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஆரம்பித்தது நான்தான். ஊரில் தம்பதிகள் விரும்பிச் சாப்பிடும் ஓட்டல்களைப் பற்றி எழுதி அனுப்பலாம் என்று பிப்ரவரியில் கேட்டிருந்தீர்கள். அப்பா அதை முடிவெட்டும் கடையில் பார்த்துவிட்டு, கிழித்தே எடுத்துக்கொண்டு வந்து, "ஆஞ்சலா, நம்மளையும் போடச் சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அதனால் ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் மூன்றாம் மாடி விஜி அக்காவின் விவாகரத்து மனு வரை கட்டடத்தின் எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான். நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் வழக்கமாகப் போகும் மூன்று ஓட்டல்களும் ஏன் பிடிக்கும் என்று இருவரையும் கேட்டேன். எங்கள் தெரு முனையில் இருக்கும் கிருஷ்ணப்பா ஓட்டலைப் பற்றி, "வண்டி நிறுத்த எடம் இருக்கும்" என்றார் அப்பா. அவர் கம்பெனிக்கு கேப் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடப் போகும் மிலிட்டரி ஓட்டலைப் பற்றி, "பாத்ரூம்ல தண்ணி வரும்" என்றார் அம்மா. காக்ஸ் டவுன் பேக்கரிக்கு என்ன காரணம் என்றால், மழை பெய்தால் ஒதுங்கலாமாம். இதை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? "மொறுமொறுப்பு", "நாவில் கரையும்", "பாரம்பரியச் சுவை" எல்லாம் நானே போட்டேன். மன்னிக்கவும்.

எழுதியதில் ஒன்றே ஒன்று உண்மை. அவர்கள் எங்கே போனாலும் எல்லாமே பை டூ. எங்கள் ஊரில் ஒரு காபி சொல்லி இரண்டு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றித் தரச் சொல்வது வழக்கம். காபியோடு அது முடிந்துவிடும். இவர்கள் மட்டும் தோசை, பிரியாணி, முட்டை பப்ஸ் எல்லாவற்றையும் பை டூ ஆக்கிவிட்டார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய வருடம் கல்யாணமாகி, ரயிலில் இங்கே வேலை தேடி வந்தபோது ஆரம்பித்த பழக்கம். கையில் நாலு காசு வந்த பிறகும் விடவில்லை. செட் தோசையில் மூன்று இருக்கும், ஆளுக்கு ஒன்றரை. நல்லி எலும்பைப் பிரிக்க முடியாது என்பதால் ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் இவருக்கு. உங்கள் போட்டோக்காரர் வந்தபோது, படம் நன்றாக இருக்க இரண்டு பிளேட் வைக்கச் சொன்னார். "பொய்யா எடுக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டார் அப்பா. நீங்கள் போட்ட படத்தில் ஒரே தட்டில் இரண்டு கைகள் இருந்தது அதனால்தான்.

ஜூன் 10 செவ்வாய்க்கிழமை காலை அப்பா வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டர் போட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டார். பின்னால் இருந்த இரண்டு பேர் சிக்னல் என்று நினைத்துப் பத்து நிமிடம் லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ரோட்டில் எல்லா வண்டியும் அப்படித்தான் நிற்கும். அப்பாவின் போனுக்கு வந்த கடைசி மெசேஜ், டிரைவர் பதில் சொல்வதில்லை என்று அவர்கள் கொடுத்த புகாரின் நகல்.

அதற்குப் பிறகு அம்மா அழுததை விட, சாப்பிட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது. எதை வைத்தாலும் சரி பாதி. நான்கு இட்லி வைத்தால் இரண்டு. இரண்டு வைத்தால் ஒன்று. ஒன்று வைத்துப் பார்த்தேன், பாதி. மீதியைத் தட்டில் எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். தள்ளுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது. கணக்குப் போட்டு எட்டு இட்லி வைத்தேன். "இன்னாடி, ஊருக்கே விருந்தா?" என்று ஆறைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, மிச்ச இரண்டில் ஒன்றைச் சாப்பிட்டார். வீணாக்கக் கூடாது என்று அப்பாவின் பாதியை எல்லாம் நான் சாப்பிட ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் அம்மா ஒன்பது கிலோ இறங்கி, நான் ஆறு கிலோ ஏறியிருக்கிறேன். மீதி மூன்று கிலோ எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னும் இறங்கினால் அட்மிட் பண்ணி மூக்கில் டியூப் போட வேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார்.

நானே எழுதிய பட்டியலை நானே நம்பி, பிடித்த ஓட்டலுக்குக் கூட்டிப் போனால் சாப்பிடுவார் என்று நினைத்தேன். காக்ஸ் டவுன் பேக்கரி இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வர அம்மாவுக்குக் கூச்சம். தன் போனுக்குப் பொருந்தாத ஒரு கவரை வாங்கிக்கொண்டு வந்தார். மிலிட்டரி ஓட்டலில் சப்ளையர் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல் ஒரே இலையை மேசை நடுவில் போட்டு, "அண்ணா பார்க்கிங் பண்றாரா?" என்றார். எனக்கு அப்படி நேராகக் கேட்டால் பதில் வராது. தலையை ஆட்டிவிட்டேன். அதனால் அவர்கள் பரிமாறவில்லை. அண்ணா வரட்டும், சூடாகப் போடலாம் என்று காத்திருந்தார்கள். நாங்களும் காத்திருந்தோம். நாற்பது நிமிடம். "இன்னிக்கு எடமே கெடைக்கல போல அண்ணாவுக்கு" என்று சப்ளையர் வாசலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் அம்மா எழுந்து, "அவரு கெளம்பிட்டாருப்பா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கிருஷ்ணப்பா ஓட்டலுக்கு மட்டும் வரவே மாட்டேன் என்றார். அது அவர்கள் தினமும் காலையில் போன இடம்.

இப்படி இருக்கும்போதுதான் நீங்கள் கட்டம் கட்டினீர்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால், அப்பாவின் அக்கா டோரதி அத்தை, தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, அம்மா பெயர் எழுதிய மலர் வளையத்தோடு நிற்கிறார். அப்பாவைத் தங்கவயலில் புதைக்க வேண்டும் என்று கல்லறையிலேயே சண்டை போட்டு, அம்மாவைப் பார்த்து "அவனோட நீயும் போயிருக்கணும்டி" என்று சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேர் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டுப் போனவர். பேப்பரைப் பார்த்ததும் தன் வாய்தான் பலித்துவிட்டது என்று பயந்து, இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். "மெர்சி, பாவி நா ஒரு வார்த்த சொன்னேனே" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு அம்மா, கையில் சோப்பு நுரையோடு வந்து, "யாருடி செத்தது?" என்றார். அத்தை நிமிர்ந்து பார்த்தார். அழுகை நின்றது.

"நீ உயிரோடதான் கீறியா?"

"ஆமா அண்ணி."

"பதினோரு பேரு லீவு போட்டுட்டு வந்துகிறோம்."

"டீ போடட்டுமா?" என்றார் அம்மா. தன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தானே டீ போட்டார். எல்லாரும் குடித்தார்கள். அத்தைக்கு டீ போதவில்லை, இரண்டு நாள் பசி. ஒன்பது இட்லி சாப்பிட்டுவிட்டு, போகும்போது மலர் வளையத்தை எங்கே வைப்பது என்று கேட்டார். கொண்டுபோய் அப்பாவுக்கு வைத்தோம். அதில் மெர்சி என்று இருக்கிறது.

இந்தச் செய்தியை உங்களிடம் யார் சொன்னது என்று விசாரித்ததில், கிருஷ்ணப்பா ஓட்டலில் உங்கள் பேப்பர் ஏஜென்ட் பார்த்துவிட்டுச் சொன்னதாகத் தெரிந்தது. அம்மாவே "வா, கேப்போம்" என்று நேற்று காலை கிளம்பினார். மூன்று மாதத்தில் முதல் தடவை. போனோம். கல்லாவுக்கு மேலே, உங்கள் பக்கத்தை வெட்டி பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கு ரோஜா மாலை. ஊதுவத்தி. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் கண்ணாடி மேல் இரண்டு நெற்றிக்கும் குங்குமம் வைத்திருந்தது. அம்மாவுக்குப் பொட்டு நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே உங்கள் இரங்கல் கட்டத்தையும் ஒட்டியிருந்தார்கள். காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "பாவம், ரெண்டு பேரும் ஜோடியாவே போயிட்டாங்களாம்" என்று அம்மாவிடமே சொன்னார். "ஆமாங்க, கேள்விப்பட்டேன்" என்றார் அம்மா.

கிருஷ்ணப்பா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். அப்பா வயதுதான் இருக்கும். அம்மாவைப் பார்த்ததும் கையில் இருந்த சில்லறையைக் கீழே போட்டுவிட்டார்.

"அய்யோ தேவரே. மெர்சியம்மா, நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நான் என்னம்மா பண்ணட்டும். அண்ணா போயிட்டாருன்னு கேப் பசங்க சொன்னாங்க. நீங்களும் மூணு மாசமா காணோம். ஒருத்தர விட்டு ஒருத்தர நான் பாத்ததே இல்லையே. படத்துல ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. பாதி போட்டோவுக்கு எப்படி மாலை போடறது சொல்லுங்க."

அந்த மாலையைப் பார்த்துத்தான் உங்கள் ஏஜென்ட் இரண்டு பேரும் இறந்துவிட்டதாக முடிவு செய்திருக்கிறார். கிருஷ்ணப்பா உடனே ஸ்டூல் போட்டு ஏறி மாலையைக் கழற்றப் போனார். அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் நிறைய தோசையோடு, "இருக்கட்டும்பா, எறங்கு" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் குறுக்கே புகுந்து, பேப்பரில் திருத்தம் போடுவார்கள், அப்போது எடுத்தால் போதும் என்றேன். "சரி பாப்பா. பேப்பர்ல வந்த அன்னிக்கே எறக்கிடறேன். உயிரோட இருக்கறவங்களுக்கு மாலை போட்டு வெச்சா அடுப்புக்கு ஆகாது" என்றார்.

ஆகவே, வரும் ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில், திருமதி மெர்சி பால்ராஜ் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன். நலமாக என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம்.

தங்கள் மேசையில் எப்போதும் சூடான சாப்பாடும், எதிரில் ஒரு ஆளும் இருக்கக் கர்த்தர் அருள்வாராக.

தங்கள் உண்மையுள்ள,
பா. ஆஞ்சலா, பி.காம்.

பின்குறிப்பு (செப்டம்பர் 27, சனி): மேலே உள்ளதை எழுதி ஆறு நாளாகிறது. தபாலில் போடவில்லை. நேற்றுதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது, "வாய் நிறைய தோசையோடு" என்று நானே எழுதியிருந்த வரியை இரண்டாம் தடவை வாசித்தேன். அன்று வெட்கத்தில் நான் அம்மாவின் தட்டைக் கவனிக்கவே இல்லை. அம்மா இந்த வாரம் முழுக்க தினமும் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணப்பா ஓட்டலுக்குப் போனார். அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு செட் தோசை சொல்கிறார். ஒன்றரை முடிந்ததும் கை நிற்கிறது. தலையைத் தூக்கி மேலே ஒரு தடவை பார்க்கிறார். பிறகு மீதி ஒன்றரையையும் சாப்பிடுகிறார். எனக்கு வைப்பதில்லை. வீட்டில் இன்னும் பாதிதான். நேற்று கிளினிக்கில் எடை பார்த்தோம், அரைக் கிலோ ஏறியிருக்கிறார். எப்படிம்மா என்று கேட்டேன். "மேல கீறவ அவரோட பங்கு போட்டுக்கினு கீறா. கீழ நிக்கிறவளுக்குப் பசிக்குதுடி" என்றார். பிறகு, "அந்தக் காயிதத்த அனுப்பாத. அவரத் தனியா அந்தச் செவுத்துல வுட்டுடுவாங்க" என்றார்.

ஆனாலும் அனுப்புகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்களாகவே திருத்தம் போட்டுவிடக் கூடாது என்று. டோரதி அத்தைக்கு விவரம் தெரியும். மற்றவர்கள் கேட்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன். போனிலேயே வேண்டுமானாலும் பேசுகிறேன். திருத்தம் எதுவும் போடாமல், என் அம்மாவை இறந்தவராகவே விட்டுவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.