பச்சைப் பட்டனும் ஒரு காதுகுத்தும்

அழகாக்குகிறேன் என்று நான் கை வைத்து உருப்பட்ட பொருள் இதுவரை எதுவும் இல்லை. அதில் முதல் பலி, இருங்காட்டுக்கோட்டையில் நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியின் லீவு சாஃப்ட்வேர்.

யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடக்கும் ஓப்பன் சோர்ஸ் சரக்கு அது. கேன்டீன் வாசலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் நம்பர், தேதி, காரணம் போட்டு 'அனுப்பு' என்பதை அமுக்கினால் சூப்பர்வைசருக்குப் போய்விடும். பார்க்கத்தான் ரேஷன் கடை ரசீது மாதிரி இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. (ஆறு மாத வெப் டிசைன் கோர்ஸ் முடித்தவன், சும்மா இருப்பேனா?) ஹெச்.ஆர். மேடத்திடம் நானே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏதோ கடற்கரை ஓட்டலுக்காகச் செய்த இலவச டெம்ப்ளேட்டை இறக்கி மாட்டினேன். தென்னை மரம், நீலக் கடல், நடுவில் ரூம் புக் செய்ய ஒரு பெரிய பட்டன். அதை எடுக்க மனம் வரவில்லை. பச்சை நிறமடித்து, 'லீவு' என்று எழுதி, அலங்காரத்துக்கு விட்டுவைத்தேன். அமுக்கினால் முதல் பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான். நிஜமான 'அனுப்பு' படத்துக்குக் கீழே இருந்தது. என் மேஜையின் பெரிய திரையில் அது தெரிந்தது. கேன்டீனின் சின்னத் திரையில் தெரியுமா என்று போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

உற்பத்தி லைனில் மெஷின் முன்னால் நிற்பவர்களுக்குப் பச்சைப் பட்டன் வேதவாக்கு. அமுக்கி விளக்கு மினுங்கினால் வேலை முடிந்தது. இங்கேயும் அமுக்கினார்கள், திரை மினுங்கியது, சாப்பிடப் போனார்கள். ஒரு வாரமாக யாருமே லீவு கேட்கவில்லை என்று மேடத்துக்கு ஏக சந்தோஷம். என் டிசைனின் ராசி என்று நானும் நம்பினேன்.

மண்ணூரில் என்னோடு ஒரே ரூமில் தங்கி, அதே கம்பெனி லைனில் வேலை பார்த்த இசக்கியும் அப்படித்தான் அமுக்கியிருந்தான். அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. ஒரே தாய்மாமன், பிள்ளையை மடியில் வைக்க வேண்டியவன். தூத்துக்குடிக்கு பஸ் டிக்கெட், பட்டுப்பாவாடை, எல்லாம் தயார்.

கிளம்புகிற அன்று சூப்பர்வைசர் கையை விரித்தார். "சிஸ்டத்துல உன் பேரே இல்லியேப்பா. நாளைக்கு லைன்ல ஆள் இல்ல, நான் இன்னா பண்றது?"

"போன வாரமே அமுக்கிட்டேன் சார்! பச்சை பட்டன், மினுங்குச்சே சார்!"

வழியனுப்ப வந்த நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் அவனை விட்டிருப்பாரோ என்னவோ. வேலை போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இசக்கி லைனில் நின்றான். ஊரில் யாரோ ஒன்றுவிட்ட மாமா மடியில் வைத்துப் பிள்ளைக்குக் காது குத்தினார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவனிடம் சொன்னேன். "ஏலே, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்றான். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் போனால் காதுகுத்து ஆல்பம் வெளியே வந்துவிடும். "இதுல இசக்கி மாமா எங்கம்மா?" என்று தெரிந்துகொண்டே கேட்பாள். அவள் அம்மா என்னைப் பார்த்தபடி, "அவன் அங்க இன்னும் பச்சை பட்டனை அமுக்கிக்கிட்டு நிக்கான்" என்பார். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். இசக்கி மட்டும் ஆல்பத்தை வாங்கி மூடி வைத்துவிட்டு, என்னைச் சாப்பிடக் கூப்பிடுவான்.