ஸ்விட்சில் யாரும் கை வைக்கக் கூடாது

அடிப்பிடித்த குக்கரைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டே, வாசலில் நிற்கும் வேனை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள் அவள்.

போன தடவை மலைச் சுற்றுலாவுக்குக் கொழுந்தனாரின் வேனை இரவல் வாங்கிப் போனார்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் கரண்டியுமாக நாலு நாள். மலையை அவள் பார்த்ததே குக்கர் ஆவிக்குள்தான். இப்போது சொந்த வேன். படுக்கை, அலமாரி எல்லாம் போட்டாயிற்று. அடுப்பும் பாத்திரமும்தான் பாக்கியாக இருந்தன. இந்தத் தடவை ஒரு வாரம் கரண்டியைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். கேட்டால் கிடைக்காது. அவள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிரானதுதான் அவள் புருஷனுக்குச் சரியாகப் படும். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வயர் விஷயத்தில் கடவுளுக்கே சந்தேகம் தீர்ப்பார்.

நேற்று கேஸ் அடுப்பையும் இந்தக் குக்கரையும் வேனுக்குத் தூக்கிப் போனாள்.

“ஏங்க, இது போதும்ல?”

“கேஸா? ரெண்டு பேட்டரி போட்டிருக்கேனே, அழகுக்கா?”

“கரண்ட் அடுப்புன்னா பயமா இருக்குங்க.”

அது போதும். சாயங்காலமே கரண்ட் அடுப்பு, கரண்ட் குக்கர், கெட்டில், உள்ளங்கை அளவு மிக்ஸி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் தட்டை அடிப் பாத்திரங்கள் எல்லாம் வந்து இறங்கின.

“முதல்ல எதைப் போடணும்ங்க?”

“ரெண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. அடுப்பு ஓடுறப்ப கெட்டில் ஆகாது. கெட்டில் ஓடுறப்ப மிக்ஸி ஆகாது.”

“மறந்து போட்டுட்டா?”

“ஃபியூஸ் போயிடும். அப்புறம் பட்டினிதான்.”

“எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. நான் தொட்டு ஏதாவது ஆயிட்டா?”

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “நீ தொடவே தொடாத. என்னைத் தவிர யாரும் ஸ்விட்ச்ல கை வைக்கக் கூடாது.”

“உங்க அம்மா வந்தாலுமா?”

“எங்க அம்மாவானாலும் சரி.”

அதை அட்டையில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினார். பசை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

இன்றைக்கு வெள்ளோட்டம். பத்து மணியிலிருந்து வேனுக்குள் வெங்காயத்தோடு அழுதுகொண்டிருக்கிறார்.

“ஏய், அரிசிக்கு எத்தனை தண்ணி?”

“ரெண்டுங்க. வந்து காட்டவா?”

“வேண்டாம், வேண்டாம். தொட்டுடாத.”

குக்கரைத் துடைத்து மேல் தட்டில் கவிழ்த்தாள். இனி மடக்கு நாற்காலி வாங்க வேண்டும். உட்கார ஒன்று, கால் நீட்ட ஒன்று. குடை வைத்ததாக இருந்தால் நல்லது. கேட்டால் வேண்டாமென்பார். அதனால் முதலில், குடையெல்லாம் எதுக்குங்க என்று சொல்லிவிட்டு, அப்புறம் மெதுவாக...

“ஏய், சோறு ஆறுது, வந்து உட்காரு.”