வாத்தியார் வீட்டுப் பிள்ளை

"அதெல்லாம் இருக்கட்டும் சார், உங்க பொண்ணு எங்க படிக்குது?"

தையல்கார அக்கா கேட்டது அவ்வளவுதான். கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார். வாசலில் நின்ற வாத்தியார்தான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் சொருகினார்.

அதுவரை அவர் பிரமாதமாகப் பேசிக்கொண்டிருந்தார். தான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியின் காற்றோட்டத்தைச் சொன்னார். ஜன்னல்களுக்குக் கதவு இல்லை என்பதை அப்படியும் சொல்லலாம். மைதானத்தின் பரப்பைச் சொன்னார். சுற்றுச்சுவர் விழுந்ததிலிருந்து அது இன்னும் விரிந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக்கவனம் என்றார். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிற பள்ளியில் தனிக்கவனத்துக்கு என்ன பஞ்சம்?

ஒன்றாம் வகுப்புக்கு இந்த வருடம் ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை. யாரும் சேராவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, மிச்சமிருக்கும் பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைக் கடக்க வாத்தியாருக்கே உதறல். இடுப்புயரப் பிள்ளைகள் என்ன செய்யும்? அதனால்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள், சிரித்தார்கள், "பார்க்கலாம் சார்" என்றார்கள். தனியார் பள்ளியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றினார்கள். டையா, ஷூவா, இங்கிலீஷா என்று யோசித்து யோசித்து அவருக்கு முன்வழுக்கை விழுந்ததுதான் மிச்சம்.

இந்த அக்கா தெருவுக்குப் புதிது. ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். ஒரே நம்பிக்கை.

"நம்ம ஸ்கூல்லதான்க்கா. ரெண்டாங்கிளாஸ்" என்றார் வாத்தியார்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்று அவருக்கே உறைத்தது. மகள் படிப்பது தனியார் பள்ளியில். தினமும் காலையில், பின்தெரு சைக்கிள் கடை ஓரமாக நிறுத்தி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அவர்தான் அவளை வேன் ஏற்றிவிடுவார்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினார்.

"இந்தத் தெரு யூனிஃபார்ம் பூரா என்கிட்டதான் வருது. உங்க ஸ்கூல் துணி ஒண்ணுகூட வரலையே சார்?"

"போன வருஷத்துதே பத்துதுக்கா."

"ஒரு வருஷமா பிள்ளை வளரவே இல்லையா?"

வாத்தியார் யோசித்தார். வளரவில்லை என்றால் பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று ஆகும்.

"வளர்ந்திருக்காக்கா. அதைத்தான் சொல்ல வந்தேன். புதுசு ஒண்ணு தைக்கணும்."

மறுநாள் அளவு கொடுக்க மகளை அழைத்து வர வேண்டியதாயிற்று. வழியெல்லாம் பாடம் நடத்தினார். "எந்த கிளாஸ்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

"ஏம்பா?"

"அளவெடுக்கும்போது பேசினா அளவு தப்பிடும்."

குட்டி அதை நம்பினாள். அக்கா அளவெடுத்து முடிக்கும்வரை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"என்னா ஒழுக்கம்! இதான் சார் படிப்புங்கறது. என் பையனைச் சேர்த்துடறேன். ஆனா அவன் பயந்த சுபாவம். திங்கக்கிழமை உங்க பொண்ணு கையப் புடிச்சுக்கிட்டே உள்ள போகட்டும். அவ இருந்தா அழமாட்டான்."

வாத்தியாருக்கு ஒரு கண்ணில் ஆனந்தம், மறு கண்ணில் கலக்கம். அந்த ஒழுக்கம் தனியார் பள்ளியில் காசு கட்டி வாங்கியது என்று சொல்லவா முடியும்?

திங்கட்கிழமை வேன் டிரைவருக்குப் போன் போட்டார். "பாப்பாவுக்குக் காய்ச்சல்ப்பா." மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் நர்ஸ், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். நர்ஸ் வீட்டில் காய்ச்சல் பொய் சொல்வது, வக்கீல் வீட்டில் திருடுவதைவிடத் துணிச்சலான காரியம்.

குட்டி புது யூனிஃபார்மில் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். பையன் அழவில்லை. வாத்தியாருக்குத்தான் கண்ணில் நீர் முட்டியது. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை!

ஒன்றுக்கும் இரண்டுக்கும் அவர் ஒருவரே வாத்தியார், ஒரே அறை. கரும்பலகையில் ஏதோ எழுதிவிட்டுத் திரும்பினார். குட்டி கை தூக்கினாள்.

"அப்பா, அது எட்டா மூணா?"

உடனே பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல்: "ஆமாப்பா, எட்டா மூணா?"

வாத்தியார் சுவரில் சாய்ந்தார். மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

போன வருடம் குட்டி இதே அறையில்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவள் "அப்பா" என்றாள். வகுப்பே "அப்பா" என்றது. ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய், "இன்னிக்கு அப்பா என்னைத் தட்டிக் கொடுத்தாரு" என்று சொல்ல, ஊர் ஊராக லாரி ஓட்டிவிட்டு அன்றுதான் வீடு திரும்பியிருந்த நிஜ அப்பா மறுநாள் காலை பள்ளி வாசலில் வந்து நின்றார். அவரிடம் விளக்கிச் சொல்லி அனுப்புவதற்குள் வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. போதாததற்கு, மகளுக்குச் சரி போட்டால் சலுகையோ என்று தோன்றும். தப்புப் போட்டால் மனசு வலிக்கும். கடைசியில் அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினார். காரணத்தைச் சொல்ல வெட்கம். தலைமையாசிரியையிடம் "வீட்டுல ஆசைப்படறாங்க" என்றார். வீட்டில் "அங்க இங்கிலீஷ் நல்லா வருமாம்" என்றார். நெற்றியில் வியர்த்ததை இரண்டு இடத்திலும் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது தலைமையாசிரியை வாசலில் நின்று குட்டியைப் பார்த்துவிட்டார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அந்த அம்மாளின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"என்ன சார் இது! கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல மேடம், இன்னிக்கு மட்டும்..."

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க மனசு எனக்குத் தெரியும். வீட்டம்மாவை எப்படிச் சம்மதிக்க வெச்சீங்களோ! நான் இதைச் சும்மா விடமாட்டேன்."

அவர் சும்மா விடவில்லை என்பது செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெரிந்தது. வாத்தியாரின் மனைவி வேலை முடிந்து வந்து சற்றுக் கண்ணயர்ந்திருந்தார். போன் அடித்தது. தனியார் பள்ளி வகுப்பு மிஸ்.

"குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்குங்க?"

"யார் குழந்தைக்கு?"

அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டிய வண்டியொன்று மெல்ல ஊர்ந்து வந்தது. "நம் ஆசிரியரின் அருமை மகளே நம் அரசுப் பள்ளியில்! நீங்கள் எப்போது? வாருங்கள், வாருங்கள்!" தலைமையாசிரியையே பேசிப் பதிவு செய்திருந்தார். உணர்ச்சி மேலிட்டு ஓரிடத்தில் குரல் உடைந்திருந்தது.

மாலையில் வாத்தியார் வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையில் தெர்மாமீட்டர் இருந்தது.

"உட்காருங்க. நாக்கை நீட்டுங்க" என்றார் மனைவி.

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"பொய் சொன்னா சூடு ஏறுதான்னு பார்க்கறேன்."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். அக்கா, யூனிஃபார்ம், அப்பா, லாரிக்காரர், எல்லாம். மனைவி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"அப்ப, நான் ஆசைப்பட்டேன்னு உங்க ஹெச்செம் ஒரு வருஷமா என்னைப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டது இதனாலதானா?"

"மன்னிச்சுக்கோ."

"அதை அப்புறம் பார்த்துக்கறேன். ஒண்ணு கேக்கறேன், வாத்தியார் மாதிரி சொல்லாதீங்க, அப்பாவா சொல்லுங்க. உங்க ஸ்கூல் நல்ல ஸ்கூலா?"

தெருவில் மூச்சு விடாமல் ஒப்பித்ததெல்லாம் இங்கே செல்லாது.

"பிரைவேட் ஸ்கூல்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு. இங்க இல்ல. உள்ள போறவங்க பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டுச் சத்தம் கேட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம். அங்க ஒரு பாடத்துக்கு ஒரு மிஸ். இங்க எல்லாத்துக்கும் நான்தான். மழை பெஞ்சா கரும்பலகை அழிஞ்சுடும், மறுபடி எழுதுவேன். ஆனா..."

"ஆனா?"

"ஒரு பிள்ளைக்குப் புரியலேன்னா நான் அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன். அங்க பக்கம் தானா திரும்பிடும்."

உள்ளறையிலிருந்து குட்டி எட்டிப் பார்த்தாள். "அங்க மிஸ்தான் கேள்வி கேப்பாங்க. இங்க நாங்களும் கேக்கலாம். அப்புறம், அங்க பாத்ரூம்ல பாடினா திட்டுவாங்க."

மனைவி தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்தார்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்த அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்த பிள்ளைக்கு எந்த முகத்தோட பாடம் நடத்துவீங்க?"

"பையனை அழைச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னா? ஸ்கூலை மூடிடுவாங்க."

"மூடினா மூடட்டும். மனசுக்குள்ள மூடி வெச்சுக்கிட்டு எத்தனை நாள் இருப்பீங்க?"

புதன்கிழமை காலை வாத்தியார் குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தையற்கடை வாசலில் நின்றார். அரசுப் பள்ளி யூனிஃபார்ம் வெயிலில் பளபளத்தது. பேச வாயெடுக்கவும் தனியார் பள்ளி வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெரிய வேன். ஏற்றிவிட அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளோடு வரிசையாக நின்றிருந்தார்கள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சார்! பாப்பாவுக்குக் காய்ச்சல் தேவலையா?"

தையல்கார அக்கா டிரைவரைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். கடைசியாக வாத்தியாரைப் பார்த்தார். வாயில் கவ்வியிருந்த நூல் கீழே விழுந்தது.

"சார், இவருக்கு எப்படி உங்க பாப்பாவைத் தெரியும்?"

இனி ஒளிய இடமில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் வகுப்பில் பேசுவதுபோலக் குரலை உயர்த்திச் சொன்னார். மகள் தனியார் பள்ளியில் படிப்பதை, தான் சொன்ன பொய்யை, அவளை அங்கே மாற்றிய காரணத்தை. "படிப்பு சரியில்லேன்னு மாத்தலக்கா. அவ என்னை அப்பான்னு கூப்பிட்டா, அதைப் பார்த்து கிளாஸே அப்பான்னுச்சு. வெட்கமாப் போச்சு. அதான். வேற ஒண்ணுமே இல்ல. உங்க பையனை எங்க வேணா சேருங்க."

"அப்பான்னு கூப்பிட்டதுக்கா?" என்றார் அக்கா. "அதுக்கா ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடம் மாத்துவாங்க?"

"ஆமாக்கா."

அக்காவின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் வாத்தியார் நினைத்தார். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா சொன்னார்: "பொய் சொன்னது தப்புதான் சார். ஆனா ரெண்டு நாளா என் பையன் வீட்டுக்கு வந்து கேள்வியா கேட்டுக் கொல்றான். ஊசிக்கு ஏம்மா ஒரே ஒரு காதுங்கறான். இத்தனை வருஷமா தைக்கறேன், எனக்கே அது தோணினதில்ல. அவன் அங்கயே இருக்கட்டும்."

வாத்தியார் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

வரிசையில் நின்ற அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வேனுக்குள் பிள்ளையை ஏற்றவில்லை. யார் கண்ணும் வாத்தியார் மேல் இல்லை. குட்டி போட்டிருந்த யூனிஃபார்மின் மேல் இருந்தது.

குட்டி டிரைவரிடம் போனாள். "அண்ணா, எனக்குக் காய்ச்சல் இல்ல. நான் இனிமே வேன்ல வரல. அப்பா ஸ்கூல்லயே படிக்கப் போறேன். கிளாஸ்ல சார்னுதான் கூப்பிடுவேன்."

டிரைவரின் முகம் வெளுத்தது. அவசரமாக இறங்கி ஓடிவந்து, வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க சார்! 'வாத்தியாரே தன் பொண்ணை இங்க கொண்டாந்து போடறாருன்னா சும்மாவா'ன்னு சொல்லித்தான் சார் இந்தத் தெரு மொத்தமும் என் வண்டியில ஏறுச்சு!"