இடது காதில் ஓர் இன்வெர்ட்டர்

சேசு மரி சூசை துணை

தென்னூர், திருச்சி.

அன்பு மகள் பிரான்சிக்கு அப்பா அமிர்தராஜ் தன் கையாலேயே எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், என் வலது காதும் சுகம். நீயும் மாப்பிள்ளை ஆஸ்டினும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். சர்ச் ஹால் முதியோர் வகுப்பில் எழுதப் படித்த பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாகத்தான் எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி.

பொங்கலுக்குப் பிறகு என் இடது காதுக்குள் ஒரு சத்தம், 'ஞொய்'யென்று சுவர்க்கோழி கத்துகிற மாதிரி. பஞ்சு அடைத்த கனம் வேறு, உள்ளே விட்டில்பூச்சி சிறகடிக்கிற கூச்சம் வேறு. பல்லைக் கடித்தால் சுதி ஏறுகிறது, கழுத்தைத் திருப்பினால் இறங்குகிறது, முறுக்குத் தின்றால் கச்சேரியே நடக்கிறது. இது பக்கத்து வீட்டு சேக் மைதீன் பாயின் புது இன்வெர்ட்டர்தான் என்று முடிவு கட்டினேன். ஏனென்றால் அது நம் சுவரை ஒட்டி இருக்கிறது, எனக்கும் புதிதாக எழுத வருகிறது. சுவரில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பாய் ஓடி வந்திருப்பார். நான் தட்டவில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தேன். கைநாட்டு இல்லை பிரான்சி, கையெழுத்து! மனுவை வாங்கிய ஆபீசரம்மா, "யாருங்க எழுதிக் கொடுத்தது?" என்றார். "நானேதாங்க" என்றேன். அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸில் தென்னூரைத் தாண்டிப் போய்விட்டேன்.

மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் பாய்க்குப் போன் வந்துவிட்டது. "ஏண்ணே, நோன்புக் கஞ்சி சுவர் தாண்டி வருது, குறை மட்டும் கலெக்டர் ஆபீஸ் சுத்தித்தான் வருமா?" என்றார் பாய். அதோடு கஞ்சி நின்றது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து வருஷா வருஷம் வருகிற கஞ்சிம்மா! அந்தத் தூக்குவாளி வராத சாயங்காலம் இருக்கிறதே, காதுச் சத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அம்மாவோ, "கையெழுத்துப் போடுறவங்களுக்குக் கஞ்சி எதுக்கு?" என்கிறாள்.

கடைசியில் பாயே, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்ப்போம் என்று வழி சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டு நடு அறையில் தெருக்காரர்கள் எல்லாரும் நெருக்கி நின்றோம். கதவு, ஜன்னல் சாத்தி, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்தாயிற்று. "இப்பக் கேக்குதாண்ணே?" "கேக்குது பாய்." உடனே மாடிவீட்டு ஜெயக்குமார், "எனக்கும் என்னமோ கேக்குதுங்க" என்றார். எதிர்வீட்டு அற்புதம்மாள், "ஐயோ, எனக்கும்!" என்று காதைப் பொத்தினார். பாய் வெளிறிப்போய், "சுராயா, எனக்கு ரெண்டு காதுலயும்" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். மறுநாள் தெருவே காது டாக்டர் வாசலில். "அவ்வளவு அமைதியில நின்னா யாருக்கும் ஏதாவது கேக்கும், போங்க" என்று அவர் எல்லாரையும் விரட்டிவிட்டார். அற்புதம்மாளுக்கு ஒரு வியாதியும் இல்லை என்றதில் ரொம்ப வருத்தம். என்னை மட்டும் நிறுத்தி, "என்ன வேலை பாத்தீங்க பெரியவரே?" என்றார். "அரியமங்கலம் பட்டறையில தகடு அடிச்சேங்க." "அதான். காது தேஞ்சுபோச்சு, இல்லாத சத்தத்தை மூளையே போட்டுக்குது." அம்மா விடவில்லை: "மூளையா? இவருக்கா? நல்லாப் பாருங்க டாக்டர்!" சத்தம் போகாதாம், பழகிவிடுமாம், மனசை வேறெதிலாவது வைக்க வேண்டுமாம். வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் சத்தம் ஓரமாய் ஒதுங்கிக்கொள்கிறது.

ஆனால் பாய் பிடிவாதமாக, "மனுவுல கெட்ட பேரு மனுவுலதான் தீரணும்" என்றார். மறுபடி எழுதினேன்: 'மேற்படி இன்வெர்ட்டர் உத்தமமானது. குற்றவாளி என் இடது காது.' பாய் படித்துச் சிரித்து, ஒரு நகலை லேமினேட் செய்து இன்வெர்ட்டருக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டார். அன்று சாயங்காலமே கஞ்சி வந்தது.

உன் நெற்றியிலும் மாப்பிள்ளை நெற்றியிலும் நான் சிலுவை வரைந்ததாக வைத்துக்கொள்.

அப்பா,
அமிர்தராஜ் (கையெழுத்து)

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது கரண்ட் போய்விட்டது. பாய் வீட்டிலிருந்து 'கொர்ர்'ரென்று ஒரு சத்தம். இது என் சுவர்க்கோழி இல்லை. அம்மாவுக்கும் கேட்கிறது, சுராயாவுக்கும் கேட்கிறதாம். இன்வெர்ட்டரின் அதிர்வில் என் நற்சான்று ஆணியில் கடகடவென்று ஆடுகிறதாம். பாய் சுவரில் தட்டி, "அண்ணே, ஏதாவது கேக்குதா?" என்றார். "எல்லாம் என் காதுதான் பாய்" என்றேன். கஞ்சி வந்துகொண்டிருக்கிறது.